வாழ்க்கைக் கணக்குகளைச் சமன்பாடாக எழுதித் தீர்ப்பது எப்படி

25 + 12ப = 85 என்று எழுதிக் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடும். சிக்கல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. நாலு வரிக் கதையாக வரும் கணக்கை அந்த ஒற்றை வரிக்குக் கொண்டுவருவதில்தான் பெரியவர்களும் சறுக்குகிறார்கள். எனவே இங்கே தீர்க்கும் முறையைச் சுருக்கமாகவும், எழுதும் முறையை விரிவாகவும் பார்ப்போம்.

சமன்பாடு தேவையா என்று முதலில் பாருங்கள்

தெரியாத எண் கதையில் ஒரே இடத்தில் வந்தால், கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்தே விடையைப் பிடித்துவிடலாம். ‘ஓர் எண்ணோடு 7 கூட்டி, வந்ததை இரண்டால் பெருக்கினால் 40’ என்றால், 40-இல் பாதி 20, அதில் 7 போக 13. மனக்கணக்கே போதும்.

தெரியாத எண் இரண்டு இடங்களில் வரும்போது இந்த வழி அடைபட்டுவிடும். 590 ரூபாய் பில்லில் பொருளின் விலையும் தெரியாது, அதன் மேல் ஏறிய வரியும் தெரியாது. வரியோ விலையைப் பொறுத்தது. எந்த முனையிலிருந்து தொடங்குவது? இங்கேதான் சமன்பாடு வேண்டும். விலைக்குள் வரி, அசலோடு வட்டி, இரண்டு விலைச் சரக்கைக் கலப்பது, முன்னால் போனவரைப் பின்னால் போனவர் பிடிப்பது: அன்றாடத்தில் தேவைப்படும் சமன்பாடுகளில் பெரும்பகுதி இந்த நான்கு வகைதான்.

முதல் வரி: ‘ப’ என்பது எது?

தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்து வைக்கிறோம். பள்ளியில் எக்ஸ், இங்கே ‘ப’. எந்த எழுத்து வைத்தாலும் கணக்கு மாறாது. 12-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் முதல் தெரியாத எண்ணுக்கு ‘யா’ என்றும், அடுத்தவற்றுக்கு நிறப் பெயர்களிலிருந்து ‘கா’, ‘நீ’ என்றும் எழுதியே சமன்பாடுகளைத் தீர்த்தார். எழுத்துக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதும் விளக்கம்தான் கணக்கைக் காப்பாற்றும்.

ஒரு விசேஷத்துக்கு மண்டப வாடகை 40,000 ரூபாய். சாப்பாடு இலைக்கு 260 ரூபாய். கையில் இருப்பது 1,50,000 ரூபாய். எத்தனை பேரை அழைக்கலாம்?

‘ப = சாப்பாடு’ என்று எழுதினால் கணக்கு அங்கேயே குழம்பிவிடும். அது சாப்பாட்டுச் செலவா, ஓர் இலையின் விலையா, இலைகளின் எண்ணிக்கையா? ‘ப = பரிமாறும் இலைகளின் எண்ணிக்கை’ என்று முழுதாக எழுதுங்கள். எழுத்து எப்போதும் ஓர் எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது; பொருளுக்கோ ஆளுக்கோ பதிலாக நிற்பதில்லை. எதை எண்ணுகிறோம் அல்லது அளக்கிறோம், எந்த அலகில் என்ற இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். கிலோவா கிராமா, மணியா நிமிடமா, மாதமா வருடமா என்பதை இங்கே எழுதாமல் விட்டவர்கள் கடைசியில் பல மடங்கு தவறிய விடையோடு நிற்பார்கள்.

இப்போது 40,000 + 260ப = 1,50,000. எனவே 260ப = 1,10,000; ப = 423.07…

இலையைப் பின்னமாகப் போட முடியாது. விடை 423. கைக்காசுக்குள் அடக்க வேண்டிய கணக்கில் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். 424-ஆவது இலைக்கு 240 ரூபாய் துண்டு விழும். அதே விசேஷத்துக்கு 60 பேரை 14 இருக்கை வேனில் அழைத்து வருவதானால் 60 ÷ 14 = 4.28, அங்கே விடை 5. 4 வேன் என்றால் 4 பேர் தெருவில் நிற்பார்கள். எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதைச் சமன்பாடு சொல்லாது, கதைதான் சொல்லும்.

இரண்டாம் வரி: சொல்லால் ஒரு சமன்பாடு

எண்களுக்குத் தாவும் முன் ஒரு வரியை வெறும் தமிழில் எழுதுங்கள். ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்ல முடிகிற இடத்தைத் தேடி, நடுவில் சமக்குறி போடுங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லா உத்திகளையும் விடப் பயன் தரும்.

சென்னை ஆட்டோக்களுக்கு 2013-இல் தமிழக அரசு அறிவித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டர் 85 ரூபாய் காட்டினால் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம்? (காத்திருப்புக் கட்டணம் இல்லை என்று கொள்வோம்.)

அவசரப்பட்டால் 25 + 12ப = 85, ப = 5 என்று வரும். பார்க்க அழகான முழு எண். ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது. சொல்வரியை எழுதிப் பாருங்கள்:

குறைந்தபட்சக் கட்டணம் + (1.8 கிலோமீட்டருக்கு மேல் போன தூரம் × 12) = மீட்டர் காட்டிய தொகை

ப என்பது மொத்தத் தூரம் என்றால், மேல் போன தூரம் ப − 1.8. ஆகவே 25 + 12(ப − 1.8) = 85. இருபுறமும் 25 கழித்தால் 12(ப − 1.8) = 60; 12-ஆல் வகுத்தால் ப − 1.8 = 5; ப = 6.8 கிலோமீட்டர். முதலில் வந்த 5 என்பது கூடுதல் தூரம் மட்டுமே. முழு எண்ணாக வருவதாலேயே விடை சரி என்று நம்ப வேண்டாம். பள்ளிப் புத்தகங்கள் அந்த நம்பிக்கையை வளர்த்துவிடுகின்றன.

‘மடங்கு’, ‘மீதியில்’ — ஏமாற்றும் சொற்கள்

ஒரு பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கையைப் போல் 30 மடங்கு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை ‘மா’, ஆசிரியர் எண்ணிக்கை ‘ஆ’. பலரும் 30மா = ஆ என்று எழுதிவிடுகிறார்கள். 30 என்ற எண்ணும் மாணவர் என்ற சொல்லும் பக்கத்தில் இருப்பதால் கையும் அவற்றைப் பக்கத்தில் வைத்துவிடுகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களிடம் இதே வடிவக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கும் மேல் தவறாக எழுதினார்கள். எனவே இதைக் கவனக்குறைவு என்று சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுவதில் பொருளில்லை; சோதிக்கும் வழியைக் கற்றுக்கொடுங்கள். எளிய எண் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 300 பேர். 30மா = ஆ என்பதில் போட்டால் 9,000 = 10. பொருந்தவில்லை. மா = 30ஆ என்பதில் போட்டால் 300 = 300. பெருக்க வேண்டியது எப்போதும் சிறிய பக்கத்தை.

‘மீதியில்’ என்ற சொல்லையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை, சம்பளத்தில் கால் பங்கு மளிகை, கையில் நிற்பது 10,000 ரூபாய், சம்பளம் எவ்வளவு? ப/3 + ப/4 + 10,000 = ப. பின்னங்களை ஒழிக்க இருபுறமும் 12-ஆல் பெருக்குங்கள்: 4ப + 3ப + 1,20,000 = 12ப. எனவே 5ப = 1,20,000; ப = 24,000. இங்கே 10,000-ஐப் பெருக்க மறந்தால் சம்பளம் 2,000 என்று வரும். 10,000 மிச்சம் பிடிப்பவருக்கு 2,000 சம்பளம் இருக்க முடியாது என்பது பார்த்ததுமே தெரியும்.

அதே கணக்கில் ‘மீதியில் கால் பங்கு மளிகை’ என்று ஒரு சொல் மாறினால்? வாடகை போக மீதி 2ப/3. அதில் கால் என்பது ப/6. வாடகையும் மளிகையும் சேர்ந்து ப/3 + ப/6 = ப/2. நிற்பது பாதி, அது 10,000 என்றால் சம்பளம் 20,000. ஒரே சொல்லில் 4,000 ரூபாய் வித்தியாசம்.

விழுக்காடு: எதன் மேல்?

விழுக்காடு தனியாக நிற்காது. அது எதன் மேல் கணக்கிடப்பட்டது என்று கேட்டு, அந்த அளவையே ‘ப’ ஆக வையுங்கள். கடைத்தெருவில் நடக்கும் தவறுகளில் பாதி இதை விட்டுவிடுவதால் வருபவை.

18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய். வரி இல்லாத விலை என்ன? 590-இல் 18 விழுக்காடு 106.20; அதைக் கழித்து 483.80 என்று சொல்வது பரவலான தவறு. வரி போடப்பட்டது அடிப்படை விலையின் மேல், பில் தொகையின் மேல் இல்லை. ப = வரிக்கு முந்தைய விலை, ரூபாயில். ப + 0.18ப = 590; 1.18ப = 590; ப = 500. வரி 90 ரூபாய். தவறான விடையைச் சோதித்தால் 483.80 × 1.18 = 570.88, பில்லோடு ஒத்துப்போகவில்லை.

நகைக்கடையில் இது இன்னும் சிக்கலாகும். கையில் ஒரு லட்சம் ரூபாய். தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்றும், செய்கூலி சேதாரம் சேர்த்துத் தங்க மதிப்பில் 10 விழுக்காடு என்றும், மொத்தத்தின் மேல் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்றும் வைத்துக்கொள்வோம். எத்தனை கிராம் நகை வாங்கலாம்?

ப = நகையின் எடை, கிராமில். தங்க மதிப்பு 10,000ப. செய்கூலி சேதாரத்தோடு 11,000ப. வரி இந்த 11,000ப-இன் மேல் விழுவதால் 11,000ப × 1.03 = 11,330ப. இது 1,00,000-க்குச் சமம்; ப = 8.826 கிராம்.

‘10-ம் 3-ம் 13, ஒரு லட்சத்தில் 13 விழுக்காடு போக 87,000, அதற்கு 8.7 கிராம்’ என்று கணக்குப் போட்டவர் இரண்டு இடத்தில் தவறுகிறார். ஒன்று, அடுக்கடுக்காக ஏறும் விழுக்காடுகளைக் கூட்டக் கூடாது, 1.10 × 1.03 = 1.133, அதாவது 13.3 விழுக்காடு. இரண்டு, தங்க மதிப்பின் மேல் ஏற வேண்டியதை மொத்தத் தொகையிலிருந்து இறக்குகிறார். 8.7 கிராமுக்கு உண்மையான பில் 98,571 ரூபாய்தான். கடைப் பலகையில் விலை சவரனுக்குப் போட்டிருந்தால் முதலில் 8-ஆல் வகுத்து கிராமுக்குக் கொண்டுவாருங்கள். முதல் வரியில் அலகு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

வட்டிக்கும் இதே விதி. ‘இரண்டு ரூபாய் வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. பத்து மாதம் கழித்து அசலும் வட்டியுமாக மொத்தம் 60,000 கட்டிக் கடனை முடித்தால் அசல் எவ்வளவு? ப + ப × (2/100) × 10 = 60,000; 1.2ப = 60,000; ப = 50,000. இந்த 2 விழுக்காட்டை ஆண்டு வட்டியாக எடுத்தால் அசல் 59,000-க்கு மேல் வரும். 59,000 ரூபாய்க்குப் பத்து மாதத்தில் ஆயிரம் ரூபாய் கூட வட்டி வராத இரண்டு ரூபாய் வட்டிக் கடன் எங்கும் கிடையாது.

கலவையும் வயதும்

மொத்தம் தெரிந்திருந்தால் இரண்டாவது எழுத்து வேண்டாம். கிலோ 48 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் கலந்து, கிலோ 52 ரூபாய் அடக்கத்தில் 30 கிலோ வேண்டும். ப = 48 ரூபாய் அரிசியின் எடை, கிலோவில். மற்றது 30 − ப. சொல்வரி: முதல் அரிசியின் விலை + இரண்டாம் அரிசியின் விலை = கலவையின் விலை.

48ப + 60(30 − ப) = 52 × 30
48ப + 1,800 − 60ப = 1,560
12ப = 240; ப = 20

20 கிலோவும் 10 கிலோவும். எடையையும் விலையையும் ஒரே வரியில் கூட்டிவிடுவதுதான் இந்த வகையில் வரும் தவறு. சமக்குறியின் இருபுறமும் ரூபாய் என்றால் ரூபாய், கிலோ என்றால் கிலோ. கலவை 52 ரூபாய் என்றால் அது 60-ஐ விட 48-க்கு அருகில் இருக்கிறது. ஆகவே மலிவான அரிசி அதிகமாக வர வேண்டும் என்று முன்கூட்டியே ஊகித்து வைத்துக்கொள்வது நல்லது.

வயதுக் கணக்கு தேர்வுத்தாளில்தான் அதிகம் வரும். அப்பாவின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 6 ஆண்டில் 3 மடங்காகும். மகள் இன்று ப, அப்பா 4ப. 6 ஆண்டு கழித்து மகள் ப + 6, அப்பா 4ப + 6. எனவே 4ப + 6 = 3(ப + 6); ப = 12. காலம் இருவருக்கும் ஓடும். ஒருவருக்கு மட்டும் 6 கூட்டி 4ப + 6 = 3ப என்று எழுதினால் வயது எதிர்மறையாக வரும்.

தீர்க்கும்போது

அடைப்பைப் பிரியுங்கள், ‘ப’ உள்ள உறுப்புகளை ஒரு பக்கமும் எண்களை மறு பக்கமும் கொண்டுவாருங்கள், கெழுவால், அதாவது ‘ப’-வைப் பெருக்கி நிற்கும் எண்ணால், வகுங்கள். பக்கம் மாறும்போது குறி மாறும் என்பது ஒரு சுருக்குவழி. உண்மையில் இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம். அதை மறந்தவர்கள் 12ப = 60 என்பதிலும் 12-ஐக் குறி மாற்றி 60-இலிருந்து கழித்துவிடுவார்கள்.

அடைப்புக்கு முன் கழித்தல் குறி இருந்தால் நிதானியுங்கள். 500 − 3(ப − 20) = 380 என்பது 500 − 3ப + 60 = 380 ஆகும்; ப = 60. உள்ளே உள்ள 20-இன் குறியை மாற்ற மறந்தால் ப = 20 என்று வரும். அப்போது அடைப்பு பூஜ்யமாகி 500 = 380 என்று நிற்கும்.

விடையைக் கதையில் வைத்துப் பாருங்கள்

விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்ப்பது பாதி வேலைதான். சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தால் தவறான விடையும் அதில் அழகாகப் பொருந்தும். மூலக் கதையைத் திரும்பப் படித்து அதில் போட்டுப் பாருங்கள்.

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காலை 6 மணிக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது, சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். 7.30-க்கு அதே இடத்திலிருந்து ஒரு கார், மணிக்கு 80 கிலோமீட்டர். எப்போது பிடிக்கும்? ப = கார் ஓடிய நேரம், மணியில். பிடிக்கும் இடத்தில் இரண்டும் ஓடிய தூரம் சமம். பேருந்து ஒன்றரை மணி கூடுதலாக ஓடியிருக்கிறது: 60(ப + 1.5) = 80ப. (ஒன்றரை மணியை 1.30 என்று எழுதுவது இங்கே வழக்கமான சறுக்கல். 30 நிமிடம் என்பது 0.5 மணி.) 90 = 20ப; ப = 4.5. நண்பகல் 12 மணி.

சமன்பாட்டில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் 4.5 மணியில் கார் 360 கிலோமீட்டர் ஓட வேண்டும். சென்னை–திருச்சி தூரமோ சுமார் 330. பேருந்து 11.30-க்குத் திருச்சி சேர்ந்துவிடும். கார் வந்து சேரும்போது 11.37 தாண்டியிருக்கும். கார் வழியில் பேருந்தைப் பிடிக்காது என்பதே சரியான விடை.

பழகுவதற்கு மூன்று

1. 20 விழுக்காடு தள்ளுபடி போகப் புடவை 1,440 ரூபாய். தள்ளுபடிக்கு முந்தைய விலை என்ன?

2. அக்காவிடம் தம்பியை விட 150 ரூபாய் அதிகம். இருவரிடமும் சேர்த்து 850. ஒவ்வொருவரிடமும் எவ்வளவு?

3. 1,000 லிட்டர் தொட்டியில் 220 லிட்டர் இருக்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 18 லிட்டர் ஏற்ற, கீழே குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டர் போகிறது. தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம்?

விடைகள்: 1) 0.8ப = 1,440; 1,800 ரூபாய். 2) ப + (ப + 150) = 850; தம்பியிடம் 350, அக்காவிடம் 500. 700-ம் 150-ம் என்று வந்திருந்தால், வித்தியாசம் 150 தானா என்று கதையில் பாருங்கள். 3) 220 + 18ப − 5ப = 1,000; 60 நிமிடம்.